பின்பக்கத்திலிருந்து எண்ணினால்

நாலு ஒயர். நாலே நாலு ஒயரைப் பத்தவைத்துக் கொடு என்று புருஷன் நாச்சிமுத்து மொட்டைமாடிக்குக் கூப்பிட்டதும் துளசிமணிக்குப் பயமாகிவிட்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஐம்பத்தொரு வயதாகிறது, இருநூறு பேர் வந்தாலும் தனியாளாக நின்று சோறாக்கிப் போடுவாள், தேங்காய் பறிக்க வருகிற ஆளோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பாள், அப்பேர்ப்பட்டவள் பென்சில் தண்டி இருக்கிற, ஈயம் உருக்கி ஒயர் ஒட்டுகிற ஒரு சால்டரிங் அயனைக் கண்டு பயந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். இருபத்தேழு வருஷமாக அதை அவள் தொட்டதில்லை. மிக்ஸி ஒயர் அறுந்தாலும் டேபிள் ஃபேன் பிளக் உருகினாலும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவர் வரட்டும் என்று இருந்துவிடுவாள். உனக்கெதுக்கு புள்ள அந்தச் சங்காத்தம் என்று அவரும் ஒரு சிரிப்போடு வாங்கிக்கொள்வார். அந்தச் சிரிப்பை அன்பு என்றுதான் அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவரே கூப்பிடுகிறார். சிங்காநல்லூரின் நாலு மணி வெயில் தகரக் கொட்டகைக்குள் இறங்கி, உள்ளே நிற்கிற தொலைநோக்கி, ஸ்டூல், மேஜை எல்லாம் தொட்டால் சுடுகிற பதத்தில் இருந்தது. ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் முப்பது வருஷம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், ஆயுள் முழுக்க ஒயரோடு குடித்தனம் நடத்தியவர், மேஜைக்கு அந்தப் பக்கம் வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சித்த போட்டுக் குடு புள்ள," என்றார். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் பார்க்கிற புத்தியால்தான் அவள் கெட்டாள்.

கை நடுங்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலில் சுண்டுவிரல், அப்புறம் மணிக்கட்டு. டாக்டர் மாத்திரை எழுதினார், குறையும், போகாது என்றார். சோறு தின்கிறதில்கூட அவருக்குக் கவலையில்லை, ஸ்பூனை வைத்துச் சமாளித்துவிடுகிறார். அவருக்குப் பிராணன் போகிற இடம் இந்தக் கொட்டகை. தொலைநோக்கியில் கண் வைக்கிற பக்கம் ஒரு சின்னக் குழல் இருக்கிறது, அதை ஒரு திருகால் மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் நகர்த்தினால்தான் சனிக்கிரகம் கலங்கல் போய் வளையத்தோடு தெளிவாகத் தெரியும். நல்ல கை தொட்டாலே படம் ஆடும். அவர் கை தொட்டால் கேட்கவே வேண்டாம், வானமே வலிப்பு வந்த மாதிரி உதறுகிறது. மாதம் ஒரு தடவை வானம் பார்க்கிற மன்றத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் இங்கே வருவார்கள், நாச்சிமுத்து அண்ணன் கை வைத்தால் நட்சத்திரம் ஊசிமுனையாக நிற்கும் என்பார்கள், அவர் தலையைக் குனிந்து அதைக் கேட்டுக்கொள்வார். போன இரண்டு மாதமும் மேகம் என்று சொல்லி வரவேண்டாமென்றுவிட்டார். மேகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதற்குள் ஒரு மோட்டார் வரவழைத்துத் திருகின் இடத்தில் பொருத்திவிட்டார், அதை ஓட்டுவதற்கு ஒரு கன்ட்ரோலர், சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக. பொத்தானை அமுக்கினால் போதும், கை படவே வேண்டாம். காலத்துக்கேற்ற மாதிரி மாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு ஏழு மணிக்கு வருகிறார்கள். மோட்டாருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓடுகிற கேபிளின் நுனியில் ஒன்பது பல் உள்ள ஒரு பிளக் வைக்க வேண்டும், அதில்தான் வண்டி நிற்கிறது. கடைக்காரன் வைத்துத் தரமாட்டானா என்று கேட்டதற்கு, வெளியில யார்கிட்டயும் போகவேண்டாம் என்றார் சுருக்கென்று. வெளியில் போனால் ஏன் நீங்களே வைக்கவில்லை என்று கேட்பார்களே. ஆக, நடுங்குகிற கை வெளியே தெரியாமல் இருக்க இவள் கை வேண்டும்.

அயன் சூடேறிவிட்டது. ஈயக் கம்பியை நுனியில் தொட்டதும் உருகிப் பளிச்சென்று ஓடியது, கூடவே அந்த வாசனை, கொஞ்சம் சாம்பிராணி கொஞ்சம் எரிச்சல், மூக்கில் ஏறி நேராக மண்டைக்குப் போய், இருபத்துநாலு வயதுத் துளசிமணியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியது. பாலிடெக்னிக் முடித்தவள். கல்லூரியில் தற்காலிக வேலை, ஜூன் மாதம் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அவளுக்கு அப்போது பெரிய அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை, கைதான் அழகு. எத்தனை பொடி வேலையாக இருந்தாலும் அவள் வைக்கிற ஈயம் ஒவ்வொன்றும் கடுகு மாதிரி ஒரே அளவில் மினுங்கும். துறைத்தலைவர் வெளியூர்ப் பேராசிரியர்களைக் கூட்டிவந்து பூதக்கண்ணாடியில் காட்டுவார், இது எங்க பொண்ணு வேலை என்பார். ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மாதிரி ஒரு கர்வம் அதற்கப்புறம் அவளுக்கு எதிலும் வாய்க்கவில்லை, பிள்ளை பெற்றபோதுகூட. இப்போது பச்சை ஒயரின் தோலை உரித்து முறுக்கி ஈயம் பூசுகிறாள், முதல் பூச்சு சொதசொதவென்று திரண்டுவிட்டது, சீ என்று உதறினாள், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது பூச்சில் விரலே ஞாபகம் வந்து தானாகச் செய்தது. அது பிடிக்கவில்லை அவளுக்கு. மறந்து தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வால்நட்சத்திரம் வந்த வருஷம் அது. சாயங்காலமானால் ஊரே மேற்கே பார்த்து நின்றது. கல்லூரித் தொலைநோக்கிக்கு இதே மாதிரி ஒரு மோட்டாரும் கன்ட்ரோலரும், அப்போது அலமாரி அளவில், மூன்று வருஷம் எழுதிப்போட்டு வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து பெரியவர்கள் ஆறு மணிக்கு வருகிறார்கள். படம் வரைந்தது நாச்சிமுத்து, பத்தவைத்தது துளசிமணி. அவர் மூத்தவர், அவர் வரைவார், இவள் வைப்பாள், அதுதான் அங்கே முறை. அவர் வரைகிற படத்தில் எண் இருக்காது. பிளக்கில் எத்தனை ஓட்டையோ அத்தனை வட்டம் போட்டு, வட்டத்துக்குள் நிறத்தின் முதல் எழுத்தை எழுதுவார், சிவப்புக்கு சி, நீலத்துக்கு நீ, அவ்வளவுதான், பார்த்தால் தெரியாதா என்பார். அன்றைக்கும் சி எங்கே இருந்ததோ அங்கே சிவப்பை வைத்தாள், நீ இருந்த இடத்தில் நீலம். கடுகு கடுகாக. பெரியவர்கள் வந்து நின்று ஸ்விட்ச் போட்டதும் மோட்டார் ஒரு தரம் முனகியது, பெட்டியின் காற்றுப்போகிற ஓட்டை வழியே புகை வந்தது. பழுப்புப் புகை. கருகல் நாற்றம். துறைத்தலைவர் யார் இதைச் செய்தது என்று கத்தினார். நாச்சிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு, "துளசிதானுங்க பத்தவெச்சுது," என்றார். பொய்யா அது? பொய்யில்லை. அவள்தான் பத்தவைத்தாள். அவளே தலையாட்டினாள். சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு இல்லை, தப்பு உன் கையில்தான் என்று எல்லோரும் சொன்னபோது, நிறம் பார்க்கத் தெரியாமல் போய்விட்டதா எனக்கு, கண்ணில் கோளாறா, புத்தியில் கோளாறா என்று ராத்திரியெல்லாம் விழித்திருந்தாள். ஜூனில் நிரந்தரம் இல்லை, வேலையே இல்லை. ஆவணியில் நாச்சிமுத்து தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தார். வேலையைத் தொலைத்துவிட்டு வீட்டில் முடங்கிக் கிடக்கிற பெண்ணை, அதுவும் கூட வேலை பார்த்து எல்லாம் தெரிந்த மனுஷன், தானாகக் கேட்டு வருகிறார் என்றால் என்ன பெருந்தன்மை. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மாமியார்தான் இருந்தவரைக்கும் கைராசி இல்லாதவ, கைராசி இல்லாதவ என்று சொல்லி, விதைநெல்லைக்கூடத் தொடவிடவில்லை. அவர் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஒரு நாள், ஒரு சண்டையில், ஒரு கோபத்தில்கூட. அதற்காகவே அவருக்குக் காலத்துக்கும் செருப்பாக இருக்கலாம் என்று நினைத்தாள், இருந்தும் காட்டினாள்.

"படம் இந்தா," என்று காகிதத்தை மேஜைமேல் நகர்த்தினார், நகர்த்துகிற கை காகிதத்தைப் படபடவென்று அடித்தது. அதே மாதிரிப் படம். மேலே ஐந்து வட்டம், கீழே நாலு. மேல் வரிசையில் இடது ஓரத்திலிருந்து சி, நீ, ப, க, ஐந்தாவது வட்டம் காலி. எண் இல்லை. மனுஷன் மாறவே மாட்டார். பிளக்கை எடுத்து ஒயர் நுழைகிற பின்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள், அந்தப் பக்கம்தானே ஈயம் வைக்கவேண்டும், இடது ஓரத்துக் குழியில் சிவப்பைக் கொண்டுபோய் வைக்கப் போனாள். கண்ணாடி போட்டிருந்தாள். படிக்கிற கண்ணாடி, பேரனுக்குப் பட்டன் தைக்க வாங்கியது. அதில் குழிக்குப் பக்கத்தில் எறும்பின் கால் மாதிரி ஒரு எழுத்துத் தெரிந்தது. கிட்டத்தில் கொண்டுபோனாள். 5. அந்தக் காலத்துப் பிளக்கில் இதெல்லாம் கிடையாது, வழுவழுவென்று இருக்கும். இதில் ஒவ்வொரு குழிக்கும் எண். இடது ஓரத்தில் 5, அப்புறம் 4, 3, 2, வலது ஓரத்தில் 1. சரி, என்னவோ, தலைகீழாக எண் போட்டிருக்கிறான் என்று பிளக்கைத் திருப்பி முன்பக்கம், பல் நீட்டிக்கொண்டிருக்கிற பக்கம் பார்த்தாள், அங்கே இடது ஓரத்தில் 1. திரும்பப் பின்பக்கம், இடது ஓரத்தில் 5. முன்னால் 1, பின்னால் 5. கன்ட்ரோலரோடு வந்த காகிதம் டப்பா மூடிக்குள் கிடந்தது, எடுத்து விரித்தாள். ஒன்றுக்குச் சிவப்பு, இரண்டுக்கு நீலம், மூன்று பச்சை, நாலு கறுப்பு, ஐந்தில் பெட்டியிலிருந்து பன்னிரண்டு வோல்ட் வருகிறது, அதில் மோட்டார் ஒயரை வைத்துவிடாதே, வைத்தால் பெட்டி கருகிவிடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். படத்தில் சி இடது ஓரத்தில் இருக்கிறது. முன்பக்கம் பார்த்தால் இடது ஓரம் 1. பின்பக்கம் பார்த்தால் இடது ஓரம் 5. அவர் பிளக்கின் முகத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். ஒயர் வைக்கிறவள் முதுகைப் பார்த்து வைக்கிறாள். இதை அவள் ஒரு தரம் எண்ணினாள், திரும்ப எண்ணினாள், பிளக்கைத் திருப்பித் திருப்பி எண்ணினாள். வெயிலில் நெற்றி வியர்வை கண்ணாடியில் சொட்டியது, துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மாறவில்லை.

"ஏனுங்க," என்றாள். குரல் அவளுக்கே யாருடைய குரலோ மாதிரி கேட்டது. "இது எந்தப் பக்கம் பாத்து வரைஞ்சதுங்க?" அவர் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "வரைஞ்சபடி போடு புள்ள, நேரமாகுது." அந்தச் சொல் காதில் விழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. இதை அவள் கேட்டிருக்கிறாள். இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள், இதே பதிலை வாங்கியிருக்கிறாள். அன்றைக்கு ஐந்தரை மணி, வராந்தாவில் நாற்காலி போடுகிற சத்தம், அவள் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணா, இது எந்தப் பக்கம் பார்த்து வரைஞ்சது என்று கேட்டாள், அப்போது அவர் அண்ணாதான், வரைஞ்சபடி போடும்மா நேரமாகுது என்றார். எப்படி மறந்தேன்? மறக்கவில்லை, புகை வந்ததும் அது தேவையில்லாத பேச்சாகிவிட்டது. தப்பு உன் கையில் என்று அத்தனை பேர் சொன்ன பிறகு, கேள்வி கேட்டவள் என்பது யாருக்கு வேண்டும், அவளுக்கே வேண்டியிருக்கவில்லை. கேட்டிருக்கிறாள். சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறாள். நிறம் பார்க்கத் தெரியாதவள் இல்லை, கைராசி கெட்டவள் இல்லை. படம் முகத்தைப் பார்த்து வரைந்த படம். அவள் முதுகில் வைத்தாள். அவ்வளவுதான். இவ்வளவேதானா? இருபத்தேழு வருஷம், ஒரு பிளக்கைத் திருப்பிப் பார்க்காததுக்கு? ஐயோ, அந்த விரல்கள். எத்தனை லட்சம் தடவை அரிசி களைந்தன, எத்தனை மூட்டை வெங்காயம் உரித்தன, ஒருநாளாவது தன்மேல் நம்பிக்கையோடு எதையாவது தொட்டனவா. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது, பச்சை மிளகாய் அரைத்த கை மாதிரி ஒரு திகுதிகு.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வரைந்தபடியே போட்டுவிட்டால் என்ன? சொன்னபடி செய்கிற பொண்டாட்டி. சி இருக்கிற இடத்தில் சிவப்பு, பளபளவென்று கடுகு கடுகாக, போய்ச் சொருகுங்கள் மகராசனாக. சொருகி ஸ்விட்சைப் போடுவார், பெட்டி புகையும், ஏழு மணிக்கு ஆட்கள் வருவார்கள், வந்து அண்ணன் கையைப் பார்ப்பார்கள், வானமே உதறுவதைப் பார்ப்பார்கள். அப்போது யாரைச் சொல்வார்? துளசிதான் பத்தவெச்சா என்பாரா? சொல்லட்டும், காகிதம் இருக்கிறது, இந்தத் தரம் காகிதத்தைச் சேலையில் முடிந்து வைத்துக்கொள்வாள். நினைக்க நினைக்க இனித்தது. சிவப்பு ஒயரை ஐந்தாவது குழியில் கொண்டுபோய் வைத்துக்கூடப் பார்த்தாள். அயன் நுனியைப் பக்கத்தில் கொண்டுபோனாள், ஈயக் கம்பியையும் கொண்டுபோனாள், கை அதற்கு மேல் போகவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்கவேண்டாம், நல்ல மனசெல்லாம் சற்று முன்னால்தான் தீர்ந்துபோனது. கைக்குத் தெரிந்துவிட்டது இது தப்பான குழி என்று, தெரிந்தபிறகு தப்பாக வைக்க அந்தக் கைக்கு வரவில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது. அவள் பத்தவைத்த ஒன்று ஓடுவதை ஒரு தரம் பார்க்க வேண்டும். சாவதற்குள் ஒரு தரம். அந்த ஆசைக்கு முன்னால் அவரைப் பழிவாங்குகிற ஆசை சின்னதாகப் போய்விட்டது. பிளக்கைச் சரியாகப் பிடித்து, வலது ஓரத்தில் ஒன்று, சிவப்பு. அதற்கடுத்து நீலம். பச்சை நட்டநடுவில், எப்படித் திருப்பினாலும் மூன்று மூன்றுதான். அப்புறம் கறுப்பு. ஐந்தைத் தொடவில்லை. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். முதல் இரண்டு கொஞ்சம் முரடு, கடைசி இரண்டும் பழைய துளசிமணி.

மூடியைத் திருகிக் கொடுத்தாள். அவர் சொருகினார், இரண்டு கையாலும் பிடித்துச் சொருகினார், பிளக்கின் பல் ஓட்டை ஓரத்தில் தட்டித் தட்டித்தான் உள்ளே போனது. ஸ்விட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. பொத்தானை அமுக்கினார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டியின் மேல் பகுதியையே பார்த்தாள், புகை வருகிற இடத்தை. புகை வரவில்லை. விர்ர் என்று ஒரு பொடிச் சத்தம், தொலைநோக்கியின் குழல் சமர்த்தாக வெளியே வந்தது, மறு பொத்தானுக்கு உள்ளே போனது. வந்தது, போனது. ஓடுகிறது, நான் வைத்தது ஓடுகிறது என்று துளசிமணிக்கு யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது, சொல்வதற்கு அங்கே அவர்தான் இருந்தார். அவர் முகம் பத்து வயது குறைந்துபோய்ச் சிரித்தது. "பாத்தியா புள்ள? மொதல் தடவையே ஓடுது. நான் வரைஞ்சா வரைஞ்சதுதான்."

"நீங்க வரைஞ்சபடி போடலைங்க," என்றாள் அவள். "படம் முன்பக்கம் பாத்து வரைஞ்சிருக்கறீங்க. பின்னால இருந்து பாத்தா எல்லாம் தலைகீழு. நான் மாத்திப் போட்டேன்."

அவர் பொத்தானை அமுக்குவதை நிறுத்தவில்லை. குழல் வந்தது, போனது. "அன்னைக்கே இப்படி மாத்திப் போட்டிருந்தீன்னா," என்றார், குழலைப் பார்த்துக்கொண்டே, வெகு சாதாரணமாக, "காலேஜுலயே இருந்திருப்பே."

அவள் எந்த நாளைப் பற்றியும் சொல்லவில்லை. வால்நட்சத்திரத்தைச் சொல்லவில்லை, புகையைச் சொல்லவில்லை. இந்தப் பிளக், இந்தப் படம், இவ்வளவுதான் சொன்னாள். அவர் நேராக அங்கே போய் நிற்கிறார் என்றால் அந்த இடத்துக்கு அவருக்கு வழி தெரிந்திருக்கிறது, அடிக்கடி போய்வந்த வழி. தான் சொன்னது அவருக்கும் உறைத்துவிட்டது போல, பொத்தானிலிருந்து விரல் எடுத்தார், மோட்டார் நின்றது.

"எப்போ தெரியுமுங்க உங்களுக்கு?"

அவர் துணியை எடுத்து மறுபடி மோட்டாரைத் துடைக்கப் போனார்.

"பொண்ணு பாக்க வந்தீங்கல்ல. அப்பவே தெரியுமா?"

"தெரிஞ்சதுனாலதானே வந்தேன்," என்றார் நாச்சிமுத்து. சொல்லிவிட்டு அவளைப் பார்த்த பார்வையில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிவிட்டவரின் எதிர்பார்ப்பு. அப்பா இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார். மாமியார் கைராசி இல்லாதவ என்றபோதெல்லாம் இவர் தினத்தந்தியைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெருந்தன்மை இல்லை, ஆசைகூட இல்லை. பரிகாரம். கோயிலுக்கு ஒரு மணி வாங்கிக் கட்டுகிற மாதிரி அவளைக் கட்டியிருக்கிறார். அதற்கு அவள் நன்றி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள், காலையில் காப்பியாக, ராத்திரி பாலாக, ஒருநாள் தவறாமல். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

"பழசெல்லாம் எதுக்கு இப்ப," என்றார் அவர். டப்பாவுக்குள் கைவிட்டு இன்னொரு பிளக்கை எடுத்து, நடுங்க நடுங்க மேஜைமேல் வைத்தார். "கையில புடிக்கற ரிமோட்டுக்கு இதொண்ணு பாக்கி இருக்குது. ஆறு ஒயரு. சித்த இதையும் போட்டுக் குடுத்துரு. ஏழு மணிக்கு ஆளுக வந்துருவாங்க."

துளசிமணி அயனின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"வர்றவங்ககிட்ட கையைக் காட்டுங்க," என்றாள். "பாவப்பட்டு யாராச்சும் போட்டுக் குடுப்பாங்க."

துளசி, துளசி என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.